ரத்தத்தில் தெரியாதது விளையாட்டில் தெரியும்

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது ஒரு மருத்துவமனையால். டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. காசநோயைக் கண்டுபிடிப்பதில் மருத்துவருக்கு ஒரு வசதி உண்டு. சளியை நுண்ணோக்கியில் வைத்தால் கிருமி கண்ணுக்குத் தெரியும், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால் நிழல் விழும். சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு ஆய்வகத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

அதே தாம்பரத்திலிருந்து ஓர் இளம் தம்பதி தங்கள் இரண்டரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இயங்குகிறது. பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை. அங்கே அவனுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. தரையில் பொம்மைகளைப் பரப்பி விளையாட விடுகிறார்கள். சோப்புக் குமிழி ஊதுகிறார்கள். அப்பா, அம்மாவிடம் துருவித் துருவிக் கேள்வி கேட்கிறார்கள். கடைசியில், ‘ஆட்டிசம்’ என்கிறார்கள்.

“ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் எப்படிச் சொல்கிறார்கள்?” என்று அந்த அப்பா கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்கு அறிவியலிடம் நல்ல பதில் இருக்கிறது.

ஏன் ஆய்வகத்தில் சிக்குவதில்லை?

ஆட்டிசம் தொற்றுநோயல்ல. ஏதோ ஓர் உறுப்பு கெட்டுப்போனதாலும் அது வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. கருவில் இருக்கும்போதே அதன் வேர் ஊன்றிவிடுகிறது. இதில் பங்கு வகிக்கும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கானவை. சில குழந்தைகளிடம் மட்டும் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றத்தைக் கைகாட்ட முடியும். பெரும்பாலோரிடம் முடியாது. நூறு ஆட்டிசக் குழந்தைகளின் மூளைப் படங்களையும் நூறு பிற குழந்தைகளின் படங்களையும் ஒப்பிட்டால் சராசரியில் சில வேறுபாடுகள் தெரியலாம். ஆனால் ஒரே ஒரு குழந்தையின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவனுக்கு உண்டு, இவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவர்கள் மூளைப்படமோ இ.இ.ஜி.யோ எடுக்கச் சொன்னால், வலிப்பு போன்ற வேறு சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

மருத்துவத்தில் இது புதிதுமல்ல. ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும்கூட ரத்தப் பரிசோதனை கிடையாது. அவற்றை அறிகுறிகளைக் கொண்டே கண்டறிகிறார்கள். ஆட்டிசத்தில் அறிகுறி என்பது நடத்தை. ஆகவே நடத்தையை எப்படி அளப்பது என்பதே கேள்வி.

ஒரு விரல் சொல்லும் செய்தி

குழந்தை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் நடந்ததையும் வீட்டில் கொண்டாடுகிறோம். ஒரு வயதை ஒட்டி அது விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குவதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் ஆட்டிசத்தை ஆராய்பவர்கள் உற்றுக் கவனிப்பது இந்த விரலைத்தான்.

சுட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலமாரியில் உள்ள பிஸ்கட் டப்பாவைக் காட்டினால், ‘அது எனக்கு வேண்டும்’ என்று பொருள். இது கேட்டுச் சுட்டுதல். பம்மலிலோ நங்கநல்லூரிலோ மொட்டைமாடியில் நிற்கும் குழந்தை, மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானத்தைக் காட்டினால் அதற்கு எதுவும் வேண்டியதில்லை. ‘நீயும் பாரேன்’ என்கிறது, அவ்வளவுதான். இது பகிர்ந்து சுட்டுதல். காட்டிய கையோடு அம்மாவின் முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அவள் பார்த்தாளா என்று அதற்குத் தெரிய வேண்டும். இப்படி இரண்டு பேர் ஒரே பொருளில் கவனம் வைப்பதும், வைத்திருக்கிறோம் என்று இருவரும் அறிந்திருப்பதும் கூட்டுக்கவனம் எனப்படும்.

பேச்சு வளர்வது இதன்மேல்தான். அம்மா அந்த நேரத்தில் ‘ஏரோப்ளேன்’ என்றால், அந்தச் சொல் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டுக்கவனம் அமையாத குழந்தையின் காதிலும் சொல் விழுகிறது, ஆனால் எதைக் குறிக்கிறது என்று பிடிபடுவதில்லை. ஆகவே பெற்றோரை முதலில் கவலைப்பட வைக்கும் ‘பேச்சு வரவில்லை’ என்பது பல சமயம் பின்னால் வந்த விளைவே. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விரலும் பார்வையும் செய்தி சொல்லிவிட்டிருக்கும்.

ஆட்டிசமுள்ள குழந்தைகள் பலர், தண்ணீர் வேண்டுமென்றால் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின்மேல் வைப்பார்கள். தேவையைத் தெரிவித்துவிடுகிறார்கள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. காது கேளாத குழந்தையும் பெயர் சொன்னால் திரும்பாதுதான். ஆனால் அது பெரும்பாலும் விரலால் காட்டும், சைகை செய்யும், முகத்தைப் படிக்கும். இந்த வேறுபாடு தெரிந்தாலும் மருத்துவர்கள் ஊகத்தோடு விடுவதில்லை. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் செவித்திறன் சோதனை செய்துவிட வேண்டும் என்பது விதி.

பிறந்தநாள் வீடியோக்கள்

பேச்சுக்கு முன்பே அறிகுறி தெரியும் என்பதை எப்படி அறிந்தார்கள்? ஆட்டிசம் என்று உறுதியாகும்போது குழந்தைக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டிருக்கும். முதல் வயதில் எப்படி இருந்தான் என்று கேட்டால் பெற்றோரின் நினைவு அவர்களுக்கே தெரியாமல் திரிந்திருக்கலாம். ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1994-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட 11 குழந்தைகள், இயல்பாக வளர்ந்த 11 குழந்தைகள் ஆகியோரின் முதல் பிறந்தநாள் வீட்டு வீடியோக்களைத் திரட்டினார்கள். யார் எந்தப் பிரிவு என்று சொல்லாமல், பார்வையாளர்களைக் கொண்டு ஒவ்வொரு செயலையும் எண்ண வைத்தார்கள்.

சுட்டிக் காட்டுவது, பொருளை எடுத்து நீட்டிக் காண்பிப்பது, பிறர் முகத்தைப் பார்ப்பது, பெயர் சொன்னால் திரும்புவது என்ற நான்கை மட்டும் கணக்கிட்டதிலேயே இரு பிரிவிலும் 11-க்கு 10 குழந்தைகளைச் சரியாகப் பிரிக்க முடிந்தது. கேக் வெட்டிய அன்று யாருக்கும் தெரியாதது அந்த ஒளிநாடாவில் பதிவாகியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்தத் துறைக்கு வழிகாட்டியது. எதைத் தேட வேண்டும் என்பது அதன்பின் தெளிவாயிற்று.

விளையாட்டை அளவுகோலாக்குவது

வெறுமனே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் அது அளவீடாகாது. ஒரு குழந்தை அன்று தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம், இன்னொன்று புது ஆளைக் கண்டு மிரளலாம். ஆகவே எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாய்ப்பை, ஒரே முறையில் கொடுத்துப் பார்க்கும் உத்தியைக் கேத்தரின் லார்ட், மைக்கேல் ரட்டர் முதலானோர் 1989-ல் வெளியிட்டார்கள். சுருக்கமாக ‘ஏடாஸ்’ என்பார்கள்.

அதில் சோப்புக் குமிழி சும்மா ஊதப்படுவதில்லை. ஊதுபவர் குழந்தையை மகிழவைத்துவிட்டு வேண்டுமென்றே நிறுத்திக் காத்திருப்பார். குழந்தை அவர் முகத்தையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்து இன்னும் கேட்கிறதா? முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் இழுக்கிறதா? குப்பியைப் பிடுங்குகிறதா? அகன்று போய்விடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வகுத்த குறியெண் உண்டு. பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதும் ஒரு கட்டம். பொம்மைக்குக் கேக் ஊட்டுவது போல் குழந்தை பாவனை செய்கிறதா என்று பார்ப்பார்கள்.

இது நம்பத்தக்கதா என்பதற்கு இரண்டு சோதனைகள். பயிற்சி பெற்ற இருவர் ஒரே குழந்தையைத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துப்போகாத கருவி ஏற்கப்படாது. இரண்டாவது, காலம். கேத்தரின் லார்டின் குழு இரண்டு வயதில் பார்த்த 172 குழந்தைகளை ஒன்பது வயதில் மீண்டும் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டது. இரண்டு வயதில் ஆட்டிசம் என்று கணித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கணிப்பு மாறவில்லை. கிருமியைக் காட்ட முடியாத இடத்தில், கணிப்பு ஆண்டுகளைத் தாண்டி நிற்பதே சான்று.

எது ஆட்டிசம், எது அல்ல

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளை விவரித்து எழுதியபோது ஆட்டிசம் அபூர்வமானது என்றே கருதப்பட்டது. லோர்னா விங், ஜூடித் கூல்டு இருவரும் 1979-ல் லண்டனின் ஒரு பகுதியில் செய்த கணக்கெடுப்பு, கேனரின் வருணனைக்குள் அடங்காத பலருக்கும் அதே அடிப்படைச் சிக்கல் இருப்பதைக் காட்டியது. அங்கிருந்துதான் ஆட்டிசம் ஒரு நிறமாலை (ஸ்பெக்ட்ரம்) என்ற கருத்து வளர்ந்தது.

நிறமாலை என்றதும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற ஒரே கோட்டை நினைக்கிறோம். அப்படியல்ல. சாம்பாரில் உப்பு, புளி, காரம் மூன்றும் தனித்தனியே கூடும், குறையும். இரண்டு வீட்டுச் சாம்பாரை ‘எது அதிகச் சாம்பார்’ என்று ஒப்பிட முடியாது. அதுபோல ஒரு குழந்தைக்குப் பேச்சு நன்றாக இருந்து ஒலியைத் தாங்க முடியாமல் இருக்கலாம். இன்னொன்றுக்குப் பேச்சே இல்லாமல், மாற்றங்களை ஏற்பதில் சிரமம் இல்லாமல் இருக்கலாம்.

உலகெங்கும் பயன்படும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 முதல் இரண்டு பகுதிகளைக் கேட்கிறது. முதலாவது சமூகத் தொடர்பு. கொடுத்து வாங்கும் உரையாடல், முகபாவமும் சைகையும், பிறரோடு பழகுதல் ஆகிய மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் நடத்தைகள். இதில் நான்கு வகை. கையை உதறுவது, கேட்ட வாக்கியத்தையே எதிரொலிப்பது போன்றவை ஒன்று. வழக்கமான பாதையில் ஆட்டோ போகாவிட்டால் அழுது தீர்க்கும் பிடிவாதம் இன்னொன்று. ஒரே பொருளில் அளவு மீறிய ஈடுபாடு மூன்றாவது. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவது, சட்டைக் காலரின் லேபிள் உறுத்துவது போன்ற புலனுணர்வு வேறுபாடு நான்காவது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை இளம் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும்.

கடைசி நிபந்தனை முக்கியமானது. பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று நிலையங்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பையன்கள் புறநகர் ரயில் தடத்தில் நிறைய உண்டு. ரயில் பைத்தியம் மட்டும் ஆட்டிசம் ஆகாது. பெண் குழந்தைகளிடம் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. தோழிகளைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்துவிடுவதால் பலர் கண்ணில் படாமல் போகிறார்கள், சிலர் பெரியவர்களான பிறகே அறிகிறார்கள்.

வரையறை விரிந்ததாலும் பார்க்கும் கண்கள் கூடியதாலும் எண்ணிக்கை ஏறியது. அமெரிக்க எட்டு வயதுக் குழந்தைகளில் 2000-ல் 150-க்கு ஒருவராக இருந்த கணக்கு, 2022-ல் 31-க்கு ஒருவர். உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த விரிவே.

யார் மேல் பழி?

ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பதிக்கு இப்படி ஒரு குழந்தை என்றால், “தாத்தா பாட்டி இல்லாத வீடு, போனைக் கையில் கொடுத்து வளர்த்தாள்” என்ற பேச்சு தானாகக் கிளம்பும். இதே பழியை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சுமத்தியது. தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகமே எழுதினார்.

அதை வீழ்த்தியவர்கள் இரட்டையர்கள். சூசன் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 1977-ல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு ஒன்றேயான 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். வெவ்வேறு கருக்களிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால், ஒரே தாய் ஒரே வீட்டில் வளர்த்த இரு வகை ஜோடிகளும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் குழந்தைகளைக் கொண்டு செய்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிசத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்று மதிப்பிட்டது.

தடுப்பூசிப் பழியும் அப்படித்தான். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு, 12 குழந்தைகளை வைத்து 1998-ல் வந்த கட்டுரையை லான்செட் இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை. ஒன்றரை வயதையொட்டித் தடுப்பூசி போடுகிறோம். அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் அதே வயதில்தான். ஒரே காலத்தில் நடந்தவை என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.

கேள்வித்தாளிலிருந்து சான்றிதழ் வரை

நம் ஊரில் இந்தப் பயணத்தில் மூன்று படிகள் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் பதற்றம்.

முதல் படி முதனிலைச் சோதனை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கான ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விகள் உலகெங்கும் பழக்கத்தில் உள்ளன. தமிழிலும் இருக்கிறது. இது தீர்ப்பல்ல. அமெரிக்காவில் 16,071 குழந்தைகளிடம் சோதித்து 2014-ல் வந்த ஆய்வில், முதல் கேள்வித்தாளிலும் அதைத் தொடர்ந்த விளக்கக் கேள்விகளிலும் ஐயத்துக்குரியவர்கள் என்று வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே ஆட்டிசம் இருந்தது. ஆனால் 100-க்குச் சுமார் 95 பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதம் இருந்தது. ‘ஐயம்’ என்று வந்தால் ஆட்டிசம் என்று அஞ்சவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று அலட்சியப்படுத்தவும் வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே வந்து பார்ப்பதும் இந்தப் படிதான்.

இரண்டாவது படி கண்டறிதல். குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் பார்த்தும் கேட்டும் முடிவெடுப்பது. வெளிநாட்டுக் கருவிகளின் விலையும் பயிற்சிச் செலவும் மிகுதி என்பதால் இந்தியாவிலேயே கருவிகள் உருவாயின. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் ஒன்று உருவாக்கி 2009-ல் வெளியான ‘ஐசா’ அவற்றில் ஒன்று. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

மூன்றாவது படி சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஐசா மதிப்பெண்ணை வைத்துச் சதவீதம் கணக்கிடுகிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சட்டம் தரும் முக்கியச் சலுகைகளுக்கு வழி பிறக்கும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். பெயர் கெட்டுவிடும் என்று சான்றிதழ் வாங்காமல் இருப்பது, குழந்தைக்கு உரியதை நாமே மறுப்பதாகும்.

காத்திருக்க வேண்டாம்

‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு பெயர் இப்போது பரவலாக அடிபடுகிறது. எந்த அதிகாரபூர்வக் கையேட்டிலும் அப்படி ஒரு நோய் கிடையாது. குழந்தைக்குப் போன் திரையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதைச் செய்துவிட்டுப் பரிசோதனையை ஆறு மாதம் தள்ளிப்போடுவது தவறு. ஸ்டெம் செல் ஊசியால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

சான்றுள்ள உதவி வேறு வகை. பேச்சுப் பயிற்சி, செயல்முறை சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி), சிறப்புக் கல்வி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோருக்கான பயிற்சி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பழகக் கற்றார்கள், குழந்தைகளும் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது.

“ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்”, “அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினான்” என்று வீட்டில் சொல்வார்கள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவார்கள். தடவட்டும், அதோடு நிற்க வேண்டாம். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் எதையும் சுட்டிக் காட்டவில்லை, பேசிய சொற்களே மறைந்துவிட்டன என்றால் அந்த வாரமே செவித்திறன் சோதனைக்கும் குழந்தை மருத்துவரிடமும் போங்கள். தென்சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு முட்டுக்காடு நிறுவனத்தில் 2021 முதல் தொடக்கநிலைப் பயிற்சி மையம் இருக்கிறது, சோழிங்கநல்லூரில் அரசின் ‘விழுதுகள்’ மையம் இருக்கிறது. பயிற்சியைத் தொடங்க இறுதித் தீர்ப்போ சான்றிதழோ கையில் இருக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் அந்தப் பயிற்சியால் குழந்தைக்கு நட்டம் எதுவுமில்லை. இருந்தால், முந்திக்கொண்ட ஒவ்வொரு மாதமும் அதற்கு லாபம்.